யூடியூப் விளம்பர வருமானம் நின்றுவிட்டதா? திரும்ப வாங்கும் வழி, படிப்படியாக

யூடியூப் ஸ்டுடியோவைத் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) திறந்தால் வீடியோக்களின் பக்கத்தில் இருந்த பச்சை டாலர் குறியைக் காணோம். மெயிலில், உங்கள் சேனல் இனி பார்ட்னர் புரோகிராமில் (வருமானத்தில் பங்கு தரும் யூடியூப் திட்டம்) இல்லை என்று ஒரு தகவல். அந்த நேரத்துப் பதற்றத்தில் சிறிய சேனல் நடத்துபவர்கள் மூன்று காரியங்களைச் செய்துவிடுகிறார்கள்: சந்தேகப்பட்ட வீடியோக்களை மொத்தமாக அழிப்பது, அன்றே புதுச் சேனல் தொடங்குவது, ‘மானிடைசேஷன் வாங்கித் தருகிறோம்’ என்று டெலிகிராமில் வருபவருக்குப் பணம் அனுப்புவது. மூன்றுமே நிலைமையை மோசமாக்கும். அழித்த வீடியோவின் வாட்ச் ஹவர்ஸ் (மக்கள் பார்த்த மொத்த மணி நேரம்) கணக்கிலிருந்து போய்விடும். தடையைச் சுற்றிக்கொண்டு போகப் புதுச் சேனல் தொடங்குவது தனி விதிமீறல். விண்ணப்பத்துக்கும் அப்பீலுக்கும் யூடியூப் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆகவே காசு கேட்பவர் யாராக இருந்தாலும் அது ஏமாற்று.

முதல் நாள் எதையும் தொடாதீர்கள். வந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு கீழே உள்ள வரிசைப்படி போங்கள்.

1. எது நின்றது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

‘மானிடைசேஷன் போச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் ஐந்து வேறு வேறு காரணங்களால் அது நிற்கும். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பிக்கும் இடம் வேறு, காத்திருக்கும் காலம் வேறு. ஆட்சென்ஸ் (பணத்தை அனுப்பும் கூகுள் கணக்கு) பிரச்சினைக்கு யூடியூப்பில் அப்பீல் போட்டால் அந்த அப்பீல் வீண்.

போனில் ஆப்பைப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கம் ‘எர்ன்’ பகுதிக்குப் போங்கள். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பிரவுசரில் டெஸ்க்டாப் சைட்டாக மாற்றித் திறக்கலாம். அங்கே காரணம் எழுதியிருக்கும்.

ரீயூஸ்டு கன்டென்ட், இன்ஆதென்டிக் கன்டென்ட் என்று இருந்தால் கொள்கைப் பிரச்சினை. படி 3-க்குப் போங்கள். ஆறு மாதமாகச் சேனலில் எதுவும் போடவில்லை என்று இருந்தால் படி 2. இன்வேலிட் டிராஃபிக் (போலிப் பார்வைகள், போலிக் கிளிக்குகள்) என்றோ, ஆட்சென்ஸ் கணக்கு முடக்கப்பட்டது என்றோ இருந்தால் படி 7. சேனல் பார்ட்னர் புரோகிராமில்தான் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை என்றால் அது பெரும்பாலும் தபாலில் வரும் பின் எண், அடையாளச் சரிபார்ப்பு, வரிப் படிவம் ஆகியவற்றில் ஒன்று. படி 6, 8. ஒன்றிரண்டு வீடியோக்களில் மட்டும் மஞ்சள் டாலரோ காப்பிரைட் கிளெய்மோ இருந்தால் படி 9.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. ‘என் வீடியோவில் விளம்பரம் ஓடுகிறதே, அப்படியானால் பணம் வர வேண்டுமே’ என்பார்கள். பார்ட்னர் புரோகிராமில் இல்லாத சேனலிலும் யூடியூப் விளம்பரம் போடலாம். விதிமுறையிலேயே அது இருக்கிறது. அந்த வருமானத்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

2. எண்ணிக்கைக் கணக்கைச் சரிபாருங்கள்

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பொது வாட்ச் ஹவர்ஸ், அல்லது கடந்த 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் கலந்து கணக்கிட முடியாது.

அதற்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது: 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, 3,000 மணி நேரம் அல்லது 30 லட்சம் ஷார்ட்ஸ் பார்வைகள். இதில் பார்ப்பவர்கள் நேராகப் பணம் தரும் மெம்பர்ஷிப், சூப்பர் சாட், சூப்பர் தேங்க்ஸ் ஆகியவை திறக்கும். விளம்பரப் பங்கு திறக்காது. ‘500-லேயே மானிடைசேஷன்’ என்று தம்ப்நெயிலில் போடுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். உங்கள் வீடியோவைச் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார்கள் என்றால் 80,000 பார்வைகள் வேண்டும். நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 போதும். உங்கள் அனலிடிக்ஸில் சராசரிப் பார்வை நேரத்தை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னும் எத்தனை வாரம் ஆகும் என்று ஒரு பிடி கிடைக்கும்.

எந்த மணி நேரம் சேராது என்பதுதான் முக்கியம். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்தது சேராது. பிரைவேட், அன்லிஸ்டட் (லிங்க் உள்ளவர் மட்டும் பார்ப்பது), அழித்த வீடியோக்கள் சேராது. காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டிய பார்வை சேராது. லைவ் போட்டு முடித்ததும் பிரைவேட் ஆக்கினால் அந்த நேரமும் போகும், பொதுவாகவே விட்டுவையுங்கள்.

12 மாதம் என்பது நகரும் கணக்கு. போன தை மாதம் போட்ட பொங்கல் கோலம் வீடியோ ஒன்று நன்றாக ஓடி 1,500 மணி நேரம் தந்திருக்கிறது என்று வையுங்கள். அடுத்த தை வரும்போது அந்த 1,500-ம் நாளுக்கு நாள் கணக்கிலிருந்து உதிர்ந்துபோகும். சேனல் 3,600-ல் நிற்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர் இரண்டே வாரத்தில் 2,200-க்கு இறங்கிவிடுவது இப்படித்தான். ஆகவே பெரிய வீடியோ ஒன்றின் ஆண்டு நிறைவு நெருங்குகிறதா என்று பார்த்து, அதற்கு முன்பே 4,000-ஐ எட்டி விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒருமுறை உள்ளே வந்த சேனல் 4,000-க்குக் கீழே இறங்கியதும் தானாக வெளியேற்றப்படுவதில்லை. ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ வீடியோவும் போடவில்லை, போஸ்ட்டும் போடவில்லை என்றால் நீக்கும் உரிமை யூடியூப்புக்கு உண்டு. பிரசவம், பரீட்சை, வெளிநாட்டு வேலை என்று இடைவெளி விடுபவர்கள் பறிகொடுப்பது இதனால்தான். வீடியோ எடுக்க முடியாத காலத்தில் மாதம் ஒரு போஸ்ட்டாவது போட்டு வையுங்கள். இப்படி நீக்கப்பட்டவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடையாது. எண்ணிக்கை திரும்பச் சேர்ந்ததும் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

3. கொள்கைக் காரணம் என்றால்: அப்பீலா, மறுவிண்ணப்பமா?

சிறிய தமிழ்ச் சேனல்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். இரண்டு காரணங்களையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

ரீயூஸ்டு கன்டென்ட் என்றால் அடுத்தவர் எடுத்ததைப் பெரிய மாற்றமில்லாமல் போடுவது. சினிமாக் காட்சிகளை ஒட்டிப் போடுவது, சீரியல் துண்டுகள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வீடியோக்கள், நீளமான படக்காட்சிகளை ஓடவிட்டு மேலே கதை சொல்வது, பக்திப் பாடலுக்கு ஒரு சாமி படத்தை நிறுத்தி வைப்பது எல்லாம் இதில் வரும்.

இன்ஆதென்டிக் கன்டென்ட் என்றால் ஒரே அச்சில் வார்த்தது. முன்பு ரிபிட்டிஷஸ் என்று இருந்த இந்த விதியின் பெயரை 2025 ஜூலை 15 முதல் மாற்றினார்கள். பன்னிரண்டு ராசிக்கும் ஒரே டெம்ப்ளேட், ஒரே பின்னணி, கம்ப்யூட்டர் குரலில் எழுத்தை மட்டும் மாற்றிப் படிப்பது இதற்கு நல்ல உதாரணம். நீங்களே எழுதிய பலன் என்றாலும், பார்ப்பவருக்கு ஒரு வீடியோவுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் மாட்டும்.

பெரிய தப்பெண்ணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்’, ‘காப்பிரைட் கிளெய்ம் ஒன்றுமே இல்லை’ என்பது இங்கே பதிலாகாது. காப்பிரைட் வேறு, இந்த விதி வேறு. அனுமதி வாங்கிய காட்சியாக இருந்தாலும் உங்கள் கை அதில் எங்கே பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இப்போது முடிவெடுக்க வேண்டும். முடிவு தப்பு, எல்லாம் நானே எடுத்தது என்றால் அப்பீல். சொல்வதில் நியாயம் இருக்கிறது, திருத்திக்கொள்கிறேன் என்றால் மறுவிண்ணப்பம்.

அப்பீலுக்கு 21 நாள் அவகாசம். முடிவு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். சில சேனல்களுக்கு நீக்குவதற்கு முன்பே எச்சரிக்கை வரும். அதில் உள்ள கெடு இன்னும் குறுகியதாக இருக்கலாம் என்பதால் மெயிலில் இருக்கும் தேதியை மட்டுமே நம்புங்கள். பார்ட்னர் புரோகிராமிலிருந்து நீக்கப்பட்ட சேனல் 90 நாள் கழித்து மறுவிண்ணப்பம் செய்யலாம். முதல்முறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர் என்றால் 30 நாள்; இரண்டாம் முறையும் மறுத்தால் அதன்பிறகு 90 நாள். எந்தத் தேதியில் பட்டன் திறக்கும் என்பது ‘எர்ன்’ பகுதியிலேயே காட்டும்.

அப்பீல் போட நினைப்பவர்கள் முடிவு வரும்வரை வீடியோ எதையும் அழிக்கக் கூடாது. சேனலை முழுதாகப் பார்த்துத்தான் அப்பீலை முடிவு செய்வார்கள். பாதியை அழித்துவிட்டு ‘நான் தப்பே செய்யவில்லை’ என்றால் வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

4. அப்பீல் வீடியோ எடுப்பது

அப்பீல் என்பது கடிதமல்ல, வீடியோ. ஐந்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். எந்தச் சேனலுக்காக அப்பீல் போடுகிறீர்களோ அதே சேனலில் அன்லிஸ்டட் ஆக ஏற்றி, லிங்கை அப்பீல் படிவத்தில் ஒட்ட வேண்டும். பிரைவேட் ஆக ஏற்றினால் பார்ப்பவரால் திறக்க முடியாது. இந்தச் சின்னத் தவறில் நல்ல அப்பீல்கூட வீணாகும்.

முதல் 30 விநாடிக்குள் உங்கள் சேனலின் முகவரியைத் திரையில் காட்டி வாயாலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ஒரு நிமிடத்தில்: சேனல் எதைப் பற்றியது, யார் பேசுகிறார்கள், யார் எடிட் செய்கிறார்கள். எந்த விதியைச் சொல்லி நீக்கினார்களோ அதன் பெயரைச் சொல்லி நேராகப் பதிலுக்கு வாருங்கள்.

அடுத்த மூன்று நிமிடம்தான் உயிர். எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும், சொன்னால் போதாது. சமையல் சேனல் என்றால் போனை எங்கே ஸ்டாண்டில் மாட்டுகிறீர்கள், விளக்கு எங்கே, குரலை எந்த மைக்கில் பதிகிறீர்கள் என்று அடுப்படியிலிருந்தே காட்டுங்கள். எடிட்டிங் ஆப்பைத் திறந்து ஒரு வீடியோவின் டைம்லைனை, வெட்டாத மூலக் கிளிப்புகளோடு நகர்த்திக் காட்டுங்கள். எழுதிவைத்த ஸ்கிரிப்ட் நோட்டு இருந்தால் அதைப் புரட்டுங்கள். குறைந்தது மூன்று வீடியோக்களுக்கு இதைச் செய்யுங்கள். அதில் ஒன்று உங்கள் சேனலில் அதிகம் ஓடிய வீடியோவாக இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மிச்ச நேரத்தில் சேனல் முழுவதையும் பற்றிப் பேசுங்கள். ஒரே ஒரு வீடியோவுக்கு வக்காலத்து வாங்கினால் மற்ற வீடியோக்கள் அப்படியில்லை என்று நினைப்பார்கள்.

தமிழில் பேசலாம். கீழே ஆங்கிலத்தில் சப்டைட்டில் போட்டுவிடுங்கள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் புரியும். வீட்டு நிலைமை, கடன், எத்தனை வருட உழைப்பு என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும். மனதை அறுக்கவும் செய்யும். ஆனால் அதை எடைபோட அவர்களுக்கு வழியில்லை. அந்த நிமிடத்தையும் எடிட்டிங் டைம்லைன் காட்டவே செலவிடுங்கள். ஆதார், பான், பாஸ்புக் எதையும் வீடியோவில் காட்டாதீர்கள்.

பதில் 14 நாளுக்குள் மெயிலில் வரும்.

5. மறுவிண்ணப்பம்: 90 நாளில் செய்ய வேண்டியது

சேனலைப் பரிசீலிப்பவர் எல்லா வீடியோவையும் பார்க்க மாட்டார். சேனலின் முக்கியப் பொருள், அதிகம் ஓடியவை, புதியவை, மொத்தப் பார்வை நேரத்தில் பெரும் பங்கு எடுப்பவை, தலைப்பு-தம்ப்நெயில்-டிஸ்கிரிப்ஷன், சேனலின் அறிமுகப் பகுதி, இவற்றைத்தான் பார்ப்பார். உங்கள் உழைப்பையும் அங்கேயே வையுங்கள்.

அனலிடிக்ஸில் பார்வை நேர வரிசையில் முதல் இருபது வீடியோக்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் குரலோ முகமோ கையோ எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். பாதிக்கும் குறைவாக இருப்பவைதான் பிரச்சினை. அவற்றை ஒரே நாளில் அழித்தால் வாட்ச் ஹவர்ஸ் 4,000-க்குக் கீழே போகலாம். முதலில் உங்கள் சொந்த வீடியோக்கள் எத்தனை மணி நேரம் தருகின்றன என்று கூட்டுங்கள். அது 2,500 என்றால், மீதி 1,500-ஐப் புது வீடியோக்களில் சேர்த்துவிட்டு, விண்ணப்பிப்பதற்கு ஓரிரு வாரம் முன்பு பழையவற்றை நீக்குங்கள்.

அறிமுகப் பகுதியில் நாலு வரி எழுதுங்கள்: யார் எடுக்கிறீர்கள், எங்கிருந்து, எப்படி. பெரும்பாலான சிறிய சேனல்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.

விண்ணப்பிக்கும் நாளில் கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு இரண்டாவது சரிபார்ப்பு) இருக்க வேண்டும். கம்யூனிட்டி கைடுலைன் ஸ்ட்ரைக் (விதிமீறலுக்குச் சேனல்மேல் விழும் தண்டனைக் குறி) எதுவும் நடப்பில் இருக்கக் கூடாது. ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகிவிடும், அதற்குப் பிறகு விண்ணப்பியுங்கள். பரிசீலனைக்குப் பொதுவாக ஒரு மாதம் ஆகும். அந்த மாதத்தில் பழைய பாணி வீடியோ ஒன்றைக்கூடப் போடாதீர்கள். புதிய வீடியோ என்றால் அவர்கள் கண்ணில் படப்போவது அதுதான்.

6. ஆட்சென்ஸ்: பெயர், முகவரி, பின்

சேனலில் குற்றமே இல்லாமல் பணம் நிற்பது இங்கே. அதுவும் நம் ஊர்ப் பெயர் எழுதும் வழக்கத்தால் நிறைய நிற்கிறது.

பான் கார்டில் செல்வி முருகேசன் என்று தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்புக்கில் மு. செல்வி என்று இனிஷியல். ஆதாரில் வெறும் செல்வி. ஆட்சென்ஸ் தொடங்கும்போது அவசரத்தில் சேனல் பெயரையோ வீட்டுச் செல்லப் பெயரையோ போட்டிருப்பார்கள். அடையாளச் சரிபார்ப்பு வரும்போது எதுவும் ஒத்துப்போகாது. செய்ய வேண்டியது: பானில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஆட்சென்ஸில் போடுங்கள். வங்கிக் கணக்கிலும் இனிஷியலை விரித்து அதே பெயரை மாற்றச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள்; பான் நகலும் ஆதார் நகலும் கேட்பார்கள். இதை முதல் பணம் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

18 வயது நிரம்பாதவர் பெயரில் ஆட்சென்ஸ் தொடங்க முடியாது. அப்பா அல்லது அம்மா பெயரில் தொடங்கி இணையுங்கள்.

ஒருவருக்கு ஒரே ஆட்சென்ஸ் கணக்குதான். எப்போதோ பிளாக் எழுதியபோது தொடங்கி மறந்துபோன பழைய கணக்கு இருந்தால், புதியதை ‘ஏற்கனவே கணக்கு உள்ளது’ என்று மறுத்துவிடும். பழைய மெயில்களில் ஆட்சென்ஸ் என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதையே இணையுங்கள், அல்லது அதை மூடிவிட்டுப் புதியதைத் தொடருங்கள். இணைப்பை அடிக்கடி மாற்ற முடியாது. ஒரு முறை மாற்றினால் அடுத்த மாற்றத்துக்கு 32 நாள் காத்திருக்க வேண்டும்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரி சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். ஓரங்களைக் கிழித்துப் பிரிக்கும் சின்னக் கடிதம், சாதாரணத் தபால். ரெஜிஸ்டர் தபால் இல்லை, டிராக்கிங் எண்ணும் இல்லை. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வேறு விளம்பரத் தபால்களோடு சேர்ந்து அபார்ட்மென்ட் பெட்டியிலோ, கிராமத்தில் டீக்கடையிலோ கிடந்து தொலைவது வழக்கம்.

முகவரியை ஆங்கிலத்தில், தபால்காரர் படிக்கும் வரிசையில் எழுதுங்கள். சென்னையில் புதிய எண், பழைய எண் இரண்டையும் போடுங்கள். கிராமம் என்றால் தெரு, ஊர், அஞ்சல் நிலையத்தின் பெயர், வட்டம், மாவட்டம், பின்கோடு. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் தகப்பனார் பெயரையும் முகவரி வரியில் சேருங்கள். 10 டாலர் தாண்டியதும் தபால் நிலையத்துக்கே போய், இப்படி ஒரு கடிதம் வரும் என்று தபால்காரரிடம் சொல்லி வையுங்கள். இதைவிடப் பயனுள்ள வழி வேறில்லை.

வரவில்லையென்றால் மேலும் மூன்று முறை கேட்கலாம். அதுவும் வரவில்லையென்றால் முகவரி உள்ள அரசு அடையாள அட்டையை ஏற்றும் வழி திறக்கும். முதல் பின் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எண்ணைத் தப்பாக அடிக்க மூன்று வாய்ப்புதான்; நிதானமாகப் பார்த்து அடியுங்கள்.

வங்கி விவரத்தில் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கிக் குறியீடு) மூன்றும் வேண்டும். சின்னக் கிளைகளுக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடைப் போட வேண்டும் என்று மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பணம் வரும்போது என்ன கட்டணம் பிடிப்பார்கள் என்றும் அப்போதே கேளுங்கள். வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு. 100 டாலர் வாங்குபவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

7. இன்வேலிட் டிராஃபிக்

வாட்ச் ஹவர்ஸ் விற்பவர்களிடம் வாங்கியது, ‘நீ என் சேனலைப் பார், நான் உன் சேனலைப் பார்க்கிறேன்’ குழுக்கள், சொந்தக்காரர்களை விளம்பரத்தைக் கிளிக் செய்யச் சொன்னது, இவை மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். மூன்றாவதை அன்பினால் செய்கிறார்கள், விளைவு ஒன்றே. விளம்பரதாரருக்கு அந்தப் பணம் திருப்பித் தரப்படும், உங்கள் கணக்கில் கழிக்கப்படும். ஆட்சென்ஸ் கணக்கு முடக்கப்பட்டால் அதே நபர் வேறொன்று தொடங்க முடியாது.

ஆகவே ஆட்சென்ஸின் அப்பீல் படிவத்தைத் தயாரிப்போடு நிரப்புங்கள். அனலிடிக்ஸில் டிராஃபிக் சோர்ஸ் பகுதிக்குப் போய் எந்த நாட்களில் பார்வை திடீரென ஏறியது, எந்த நாட்டிலிருந்து, எந்த வெளித்தளத்திலிருந்து என்று குறியுங்கள். தமிழ்ச் சமையல் வீடியோவுக்குச் சம்பந்தமேயில்லாத நாட்டிலிருந்து ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் பார்வை வந்திருந்தால் அதுதான் இடம். யாரிடமாவது சேவை வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள். எப்போது வாங்கினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற ஒற்றை வரிக்குப் பலன் கிடையாது.

8. அமெரிக்க வரிப் படிவம்

அமெரிக்கா போகாதவருக்கும் இது கட்டாயம். ஆட்சென்ஸில் பேமென்ட்ஸ் பகுதியின் செட்டிங்ஸுக்குள் அமெரிக்க வரி விவரம் இருக்கும். தனிநபருக்கு டபிள்யூ-8 பென் படிவம். வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகை வேண்டும் என்று குறித்து, 12-ஆம் பிரிவு, 15 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு போகும்? மாத வருமானம் 1,000 டாலர், அதில் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்தது 100 டாலர் என்று வைப்போம். படிவம் கொடுத்து ஒப்பந்தச் சலுகையும் கேட்டிருந்தால் பிடித்தம் 15 டாலர். படிவம் கொடுத்து சலுகை கேட்கவில்லையென்றால் 30 டாலர். படிவமே கொடுக்கவில்லையென்றால் உலக வருமானம் முழுவதற்கும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம், 240 டாலர்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவோடு இந்த ஒப்பந்தம் இல்லை. அமெரிக்கப் பார்வையின் பங்கில் 30 சதவீதம் போகும். இலங்கைக்கு ஒப்பந்தம் உண்டு, வீதம் வேறு. உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் படிவமே காட்டும். படிவம் கொடுத்த ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டு முடியும்வரைதான் செல்லும். புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தியாவில் இந்த வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கு இங்கே ஈடு கேட்கலாம் என்பதால் ஆட்சென்ஸின் மாதாந்திர ரசீதுகளைப் பதிவிறக்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

9. மஞ்சள் டாலரும் காப்பிரைட் கிளெய்மும்

மஞ்சள் டாலர் என்றால் விளம்பரம் குறைவாக வரும் அல்லது வராது; சேனலுக்குத் தண்டனை இல்லை. தம்ப்நெயிலில் ரத்தம், தலைப்பில் கெட்ட வார்த்தை இருந்தால் எடுத்துவிட்டு மனிதப் பரிசீலனை கேளுங்கள்.

கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் பொதுவாக அந்த ஒரு வீடியோவைத்தான் தொடும், ஸ்ட்ரைக் சேனலையே தொடும். பின்னணியில் பத்து விநாடி சினிமாப் பாட்டு ஓடினாலே கிளெய்ம் வந்து, அந்த வீடியோவின் வருமானம் இசை நிறுவனத்துக்குப் போகலாம். வீடியோவை அழிக்க வேண்டாம். ஸ்டுடியோ எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் நீக்கலாம் அல்லது மாற்றலாம். பார்வையும் மணி நேரமும் அப்படியே நிற்கும். கிளெய்ம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஐந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். முதல் நாளிலிருந்தே வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்படும். எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். உறுதியில்லாமல் மேலே மேலே போனால் அது ஸ்ட்ரைக்காகத் திரும்பும். 90 நாளில் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் என்றால் சேனலே போகும்.

10. திரும்பக் கிடைத்த அன்று

ஏற்பு மெயில் வந்ததோடு வேலை முடியவில்லை. நீக்கப்பட்டிருந்த காலத்தின் விளம்பரப் பணம் பின்னால் வராது. ஆகவே ஒரு நாள்கூட வீணாக்காதீர்கள்.

‘எர்ன்’ பகுதியில் ஒப்பந்தங்கள் தனித்தனியாக இருக்கும். சாதாரண வீடியோவுக்கு வாட்ச் பேஜ், ஷார்ட்ஸுக்கு ஷார்ட்ஸ். இரண்டையும் படித்து ஏற்க வேண்டும். ஷார்ட்ஸ் ஒப்பந்தத்தை ஏற்காமல் விட்டுவிட்டு ஷார்ட்ஸுக்குப் பணம் வரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. பங்கு, சாதாரண வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம். ஷார்ட்ஸில் உங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம்.

அடுத்து, கன்டென்ட் பட்டியலில் எல்லா வீடியோவையும் தேர்ந்தெடுத்து மானிடைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடியோக்கள் ஆஃபிலேயே கிடக்கலாம். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்டவற்றில் நடு விளம்பரம் எங்கே வருகிறது என்று பார்த்து, பேச்சு பாதியில் அறுபடும் இடத்திலிருந்து நகர்த்துங்கள்.

பணம் வரும் தேதி இப்படி: ஜனவரியில் சேர்ந்தது பிப்ரவரி 7 முதல் 12-க்குள் ஆட்சென்ஸில் முடிவாகும். மொத்தம் 100 டாலர் தாண்டியிருந்தால் 21 முதல் 26-க்குள் அனுப்புவார்கள். வங்கியில் ஏற மேலும் சில நாள். 100-க்குக் கீழே என்றால் அடுத்த மாதத்தோடு சேரும். 26 தாண்டியும் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டவில்லையென்றால் பேமென்ட்ஸ் பக்கத்தின் மேலே சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பின், அடையாளம், வரிப் படிவம், இவற்றில் எது பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். எந்த மாதமானாலும் 20-ஆம் தேதிக்குள் பாக்கியைச் சரிசெய்தால்தான் அந்த மாதப் பணம் அந்த மாதமே வரும்.